சுவரைப் பார்த்து நிற்கும் தீவுக்காரர்கள்

சலூன்காரர் வீட்டுக் கூடத்தில் ஒரு நீளமான மரத்தட்டு இருக்கிறது. அதில் நாற்பத்தொரு பொம்மைகள் சுவரைப் பார்த்து நிற்கின்றன. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "என்ன தப்பு பண்ணாங்க இவங்க? ஏன் இப்படித் திருப்பி நிக்க வச்சிருக்கீங்க?"

தப்பு ஒன்றும் பண்ணவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். அந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தலை. தலையில் பாதி வாய், மீதி வளையம் போட்ட முட்டைக்கண். இரண்டு கையும் வயிற்றின்மேல். முட்டி மடங்கியிருக்கும். உட்காரப் போகிறானா, எழுந்து ஓடப் போகிறானா என்று சொல்ல முடியாத ஒரு நிலை. சலூன்காரரின் மனைவி ஒருநாள் சோற்றுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

"நான் வாயில வைக்கிற ஒவ்வொரு கவளத்தையும் இத்தனை பேரு வாயைத் திறந்துக்கிட்டுப் பாத்தா எனக்கு எப்படிங்க இறங்கும்?"

அன்றைக்கே எல்லாரையும் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அந்தத் திருப்பல்தான் பக்கத்துக் கடைக் கடிகாரக்காரரின் உயிரைப் பிடித்து நிறுத்தியது. கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

சலூன்காரருக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. அவர் கடையில் நாற்காலி இரண்டு. ஒன்றில் ஆள் உட்காருவார், இன்னொன்றில் பழைய பேப்பர் உட்காரும். காதில் எப்போதும் ஒரு சீப்பு செருகியிருப்பதால் தெருவில் அவருக்கு 'சீப்பு' என்றே பேர். சுவரை ஒட்டி அடுத்த கடை கடிகாரக்காரருடையது. கடை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அவர் மடங்கி உட்கார்ந்திருப்பார். ஆள் ஆறடி, உடம்பில் ஒரு கைப்பிடி சதை கிடையாது. அதனால் அவர் 'பெரியமுள்'. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன், போயிடுச்சு" என்பார். இரண்டு பேரும் பதினைந்து வருஷமாக ஒரு சுவரின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைத் தட்டிக் கூப்பிட்டு, ஒன்றாக டீ குடிக்கிறவர்கள்.

பொம்மை வேலை ஆரம்பித்தது சிகரெட்டால். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சலூன்காரருக்கு ஒரு இருமல் வந்தது. கத்தி கழுத்தில் இருக்கும்போது இருமினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் யோசித்துவிட்டார்கள். ஒருவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், "இன்னிக்கு இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். அன்றோடு சலூன்காரர் சிகரெட்டை விட்டார். வாய் விட்டுவிட்டது, கை விடவில்லை. மதியம் ஆள் வராத மூன்று மணி நேரமும் விரல்கள் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தன.

அதைப் பார்த்துச் சகிக்காமல் கடிகாரக்காரர் ஒருநாள் ஒரு கசங்கிய தாளைக் கொண்டுவந்து போட்டார். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையின் ஒரு பக்கம். சுவர்க்கடிகாரத்துக்கான சாமான் வந்த பெட்டியில் சுற்றி வைத்திருந்தார்களாம். அதில் ஒரு மரப்பொம்மையின் படம்.

"பாலினீசியான்னு போட்டிருக்கு. நடுக்கடல்ல தீவு தீவா இருக்கிற ஊரு. அந்த ஆளுங்க செதுக்கினது. நீயும் செதுக்கு. கையைச் சும்மா வச்சிருக்காத, பாக்கவே எரிச்சலா இருக்கு."

"நான் முடி வெட்டறவன்யா."

"மரத்துக்கும் முடிக்கும் என்ன வித்தியாசம்? இது வலிக்குதுன்னு சொல்லாது."

சொன்னதோடு நிற்கவில்லை. உடைந்த அரம் நாலைந்தை எடுத்து, தன் சின்னச் சாணையில் தேய்த்து, கடுகைக்கூடப் பிளக்கிற மாதிரி நாலு உளி செய்து கொடுத்தார். மரத்துக்கு எங்கேயும் போகவில்லை. பழைய சலூன் நாற்காலியின் கைப்பிடி ஒன்று ஒடிந்து மூலையில் கிடந்தது. முதல் தீவுக்காரன் அதிலிருந்து வந்தான். வந்தான் என்றால், தவளைக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில் ஒன்று வந்தது. கடிகாரக்காரர் அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் மேல?" என்று கேட்டார்.

ஆனால் நாலாவது ஐந்தாவதில் கை படிந்துவிட்டது. படியாமல் என்ன? முடிக்கு ஒரு போக்கு உண்டு. உச்சியில் சுழியில் ஆரம்பித்து, ஆளுக்கு ஒரு திசையில் போகும். போகிற பக்கமே கத்தி போனால் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்துப் போனால் தோலைப் பிடுங்கும். மரத்தின் இழைக்கும் அதே போக்கு, அதே கோபம். கணு இருக்கும் இடத்தில் இழை சுழன்று போவதைப் பார்த்ததும் சலூன்காரர், "அட, இவனுக்கு ரெட்டைச் சுழி" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு மரம் அந்நியமாக இல்லை. செதுக்கி முடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடையில் இருக்கும் தலை எண்ணெயையே தடவுவார். தீவுக்காரர்கள் எல்லாரும் சலூன் வாசனை அடிப்பார்கள்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பின்னால் எப்படி இருக்கும் என்று அந்தப் பத்திரிகைக்காரன் காட்டவில்லை. முதல் இரண்டு பொம்மைக்கு முதுகை மொழுக்கென்று விட்டார். அது அவருக்கே பிடிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஆளுடைய பின்பக்கத்தைப் பார்த்தே பிழைக்கிறவன், பின்பக்கம் இல்லாத ஆளைச் செய்வதா? மூன்றாவதில் யோசிக்காமல், அன்று காலையில் முடி வெட்டிக்கொண்டு போன தபால்காரரின் பின்தலையைச் செதுக்கிவிட்டார். மடிந்த காது, பிடரியில் இரண்டு மடிப்பு, தோளில் பை மாட்டி மாட்டி இறங்கிய வலப்பக்கம், எல்லாம் வந்துவிட்டது. முன்னால் தீவுக்காரன், பின்னால் தபால்காரர். அதுவே வழக்கமாகிப்போனது.

காலேஜில் படிக்கிற வாடிக்கையாளர் ஒருவர், "உண்மையான பொம்மை பின்னாடி எப்படி இருக்கும்னு போன்ல காட்டட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சாமி. அது அவங்களுக்குப் பெரியவங்களா இருக்கும், தெய்வமா இருக்கும். முன்பக்கத்தை இரவல் வாங்கினதே அதிகம். பின்பக்கம் நம்ம ஆளுங்களோடதாவே இருக்கட்டும்."

ஆனால் எந்தப் பின்பக்கம் யாருடையது என்பது செதுக்கினவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். பொம்மைகளை விற்கவும் மாட்டார், கடையில் வைக்கவும் மாட்டார். அதற்குக் காரணம் இருக்கிறது.

பத்தொன்பது வயதில் அவர் ஒரு பெரிய சலூனில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பெண் பார்க்கப் போவதற்காக ஒருவர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். கடை நிறைய ஆள். இவர் வேலைக்குப் புதுசு, வாய் கொஞ்சம் அகலம். "சார், பின்னாடி ரூபா அளவுக்கு வழுக்கை விழுந்திருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து, பாதி வெட்டிய தலையோடு தெருவில் நடந்து போய்விட்டார். முதலாளி திட்டவில்லை. துணியைத் தெருவிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து மடித்து வைத்துவிட்டு, ஒன்று மட்டும் சொன்னார். "அவரு தலையை நம்ம கையில குடுத்தாரு. ஊருக்குக் காட்டச் சொல்லிக் குடுக்கல."

அந்த வார்த்தை முப்பத்து நாலு வருஷமாக அவருக்குள் கிடக்கிறது. பேன், பொடுகு, தழும்பு, ஒட்டுமுடி, எதைப் பார்த்தாலும் சலூன்காரர் வாயைத் திறந்ததில்லை. கத்தி தானாக அதைச் சுற்றிக்கொண்டு போகும். யாருக்கும் எதுவும் தெரியாது.

வாய் சொல்லாததையெல்லாம் உளி சொல்லிக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியாது.

கடைக்கு லீவான ஒரு காலை. சலூன்காரர் கூடத்தில் உட்கார்ந்து உளியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தார். மனைவி வழக்கம்போல் பழைய சவர பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு பொம்மைகளுக்குத் தூசி தட்டினார். சுவரைப் பார்த்து நிற்கிறவர்கள் ஆனதால், அவர் எப்போதும் பார்ப்பது பின்பக்கம்தான். வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து எந்த முதுகு யாருடையது என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். கடைத்தெருவில் முன்னால் போகிறவரைக் காட்டிக் கணவரிடம், "நம்ம வீட்டுல ரெண்டாவது வரிசையில நிக்கிறாரு பாருங்க" என்பார்.

"ஏங்க, இது முள்ளண்ணன்தானே?"

"ஆமா."

"இதோ இதுவும் அவர்தானே?"

"அவர்தான். அது மூணு வருஷத்துக்கு முன்னாடி பண்ணது. உன் கையில இருக்கிறது போன மாசம் முடிச்சது. நல்ல கட்டை கிடைச்சுது, ஒல்லியா நீளமா. அவனை விட்டா அதுக்கு வேற யாரு பொருந்துவா?"

"பழசுல காதுக்குக் கீழ மிளகு மாதிரி ஒண்ணு வச்சிருக்கீங்க."

"மச்சம். அவனுக்கு அங்க இருக்கு."

"புதுசுல பட்டாணி மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி. செதுக்கறப்ப அளவு தப்பிடுச்சா?"

சலூன்காரருக்குச் சுருக்கென்றது. பதினொரு வருஷத் தொழிலை ஒரு வார்த்தையில் குறை சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்காது?

"என் கைக்கு அளவு தப்பாது" என்றார் விறைப்பாக. "இருக்கிறதுதான் வரும். இல்லாதது வராது."

சொன்ன மாத்திரத்தில் தோல்வாரில் போய்க்கொண்டிருந்த உளி நின்றுவிட்டது. மனைவியும் பிரஷை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது.

"அவருக்குச் சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டார்.

சலூன்காரர் தலையை ஆட்டினார். இல்லை என்ற ஆட்டல்.

மறுநாள் கடை திறந்ததும் சுவரைத் தட்டினார்.

"வாய்யா, முடி வெட்டிக்க."

"பத்து நாள்தான் ஆச்சு வெட்டி" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சரியா வெட்டலன்னு தோணுச்சு."

"எனக்குப் பதினஞ்சு வருஷமாத் தோணுது. உனக்கு இன்னிக்குத்தானா?"

வந்து உட்கார்ந்தார். கடிகாரக்காரரிடம் ஒரு பழக்கம், வெட்டி முடித்துக் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தால் பார்க்கமாட்டார். "பின்னாடி உன் டிபார்ட்மெண்டு, என்கிட்ட எதுக்குக் காட்டற?" என்று எழுந்துவிடுவார். வீட்டில் தனி ஆள். அந்தப் பின்கழுத்தைப் பார்க்க உலகத்தில் இரண்டே கண்கள்தான் இருந்தன. அந்த இரண்டும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தன.

சலூன்காரர் காது மடலை மெல்ல விலக்கிப் பார்த்தார். மரத்துக்கு நிறம் கிடையாது. அதனால் கை நிறத்தைச் செதுக்கவில்லை. இப்போது கண் பார்த்தது. ஒரு பாதி மை மாதிரி கறுப்பு, ஒரு பாதி பழுப்பு, ஓரத்தில் நீலம் கசிந்த மாதிரி. மாதத்துக்கு ஒருமுறை கத்தியை வளைத்து வளைத்து ஓட்டிய இடம். வளைவு பெரிதாகிக்கொண்டே போனதைக் கட்டைவிரல் அறிந்திருந்தது. மூளைக்குத் தகவல் கொடுக்கவில்லை, அல்லது மூளை வாங்கிக்கொள்ளவில்லை.

வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. முப்பத்து நாலு வருஷப் பூட்டு லேசில் திறக்குமா? துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த இரண்டு பொம்மைகளையும் எடுத்துக் கடிகாரக்காரரின் மடியில் வைத்தார்.

"உன் லென்ஸை மாட்டிக்கிட்டு இதைப் பாரு. பின்பக்கம் பாரு."

கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணுக்குள் திருகிக்கொண்டார். ஒன்றைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். திரும்ப முதலாவதைப் பார்த்தார். கடிகாரத்துக்குள் மயிரிழைச் சுருளில் தூசி தேடுகிறவர். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"நானா இது?"

"ஆமா."

"எல்லாரையும் இப்படித்தான் பண்ணி வச்சிருக்கியா?" என்று ஒரு பாதிச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றது. "ரெண்டுக்கும் எவ்வளவு இடைவெளி?"

"மூணு வருஷம்."

கை மெல்லக் காதுக்குப் பின்னால் போனது. தடவிப் பார்த்தார்.

"நீ இதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தியா?"

"கை பாத்துச்சு. நான் பாக்கல."

"கை தனியா, நீ தனியாவா?"

கடிகாரக்காரர் பொம்மைகள் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். துணியை மடித்து வைத்ததுதான் சலூன்காரருக்குத் தாங்கவில்லை.

அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சலூன்காரர் கூடவே போனார், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தோல் டாக்டர் ஒரு அம்மா. ஒரு விளக்கை வைத்துப் பார்த்தவர், பார்த்த முகத்தை மாற்றாமலே, "நாளைக்குக் காலையிலேயே எடுத்துடலாம்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர பத்து நாள் ஆகும் என்றார்கள். கெட்டதாக இருந்து உள்ளே இறங்கியிருந்தால், அப்புறம் பேச வேண்டிய பேச்சு வேறு என்று டாக்டர் சொல்லாமல் சொன்னார்.

முதல் நாலு நாள் சுவரில் தட்டல் இல்லை. கடிகாரக்காரர் கழுத்தில் கட்டோடு வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காருவார், மாலையில் பூட்டிக்கொண்டு போவார். டீக்கடையில் எதிரே பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். சலூன்காரர் உளியைத் தொடவில்லை. நாலாவது நாள் மதியம் கால் தானாகப் பெட்டிக்கடைக்கு நடந்தது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு சிகரெட் அட்டையைப் பார்த்து நின்றார். கடைக்காரர், "என்ன வேணும் சீப்பு?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் நின்று, ஒரு தீப்பெட்டி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். சிகரெட் இல்லாமல் தீப்பெட்டியை என்ன செய்வது? வீட்டில் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தார்.

மனைவி தீப்பெட்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். மறுநாள் நேராகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, உங்களுக்குக் கோவம் இருந்தா வாய்விட்டுத் திட்டிடுங்க. அந்த மனுஷன் தூங்கறதில்ல. எனக்கும் தூக்கம் இல்ல, பக்கத்துல ஒருத்தர் கொட்டக் கொட்ட முழிச்சிருந்தா எப்படித் தூங்கறது? ஏற்கெனவே நாப்பது பேரு முழிச்சுக்கிட்டு நிக்கிறது பத்தாதா?"

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றினார்.

"கோவம் இல்ல தங்கச்சி. அவன் முகத்தைப் பாத்தா எனக்குக் கழுத்து ஞாபகம் வந்துடுது. பயமா இருக்கு. அதைப் போய் அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட சொன்னீங்கல்ல. போதும்."

அவர் போய்க் கணவரிடம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சுவரில் சலூன் பக்கமிருந்து ஒரு தட்டல் கேட்டது. அந்தப் பக்கமிருந்து பதில் வர ரொம்ப நேரம் ஆனது. ஆனால் வந்தது.

பத்தாவது நாள் மூன்று பேரும் சேர்ந்து போனார்கள். பெஞ்சில் கடிகாரக்காரர் நடுவில், இவர்கள் இரண்டு பக்கம். அவர் கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் எழுந்தபோது முட்டி மடங்கி, உட்காரவா ஓடவா என்பது போல் ஒரு நொடி நின்றார். சலூன்காரர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் தாளைப் படித்துவிட்டு நேராகவே சொன்னார். "கெட்டதுதான், புத்துநோய். ஆனா மேல்தோல்லயே இருக்கு, உள்ள இறங்கல. பாதுகாப்புக்குச் சுத்தி இன்னும் கொஞ்சம் எடுத்துடறேன். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. ஒரு வருஷம் விட்டிருந்தா நான் இப்படி சிரிச்சுக்கிட்டுப் பேசியிருக்க மாட்டேன்."

சலூன்காரரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தனியா இருக்கறவரு, பின்கழுத்துல இருக்கறது, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று டாக்டர் கேட்டார்.

சலூன்காரர் தரையைப் பார்த்தார். கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பொம்மைகளையும் எடுத்து மேஜைமேல் நிற்க வைத்தார். டாக்டர் நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் போனார்.

"திருப்பி வச்சுப் பாருங்கம்மா, பயம் தெரியாது" என்றார் சலூன்காரரின் மனைவி.

திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் பேனாவை வைத்துவிட்டு ஒரு ஸ்கேலை எடுத்தார். இரண்டின் மச்சத்தையும் அளந்தார். கழுத்தின் அகலத்தோடு கணக்குப் போட்டார். அப்புறம் சலூன்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓரம் ஒழுங்கில்லாம இருக்கறதைக்கூடச் செதுக்கியிருக்கீங்க. நாங்க முதல்ல பாக்கறதே அதைத்தான். நீங்க ஒரு நாளைக்கு எத்தனை பேரு பின்கழுத்தைப் பாக்கறீங்க?"

"இருபது இருக்கும்மா."

"நான் அவ்வளவு பாக்கறதில்ல. அடுத்த தடவை மரத்துக்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி ஆளுகிட்ட சொல்லிடுங்க."

திரும்பி நடந்து வரும்போது சலூன்காரருக்கு வாய் ஓயவில்லை. அத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். அந்தப் பத்திரிகைக்காரன் மட்டும் பொம்மையின் பின்பக்கத்தையும் படம் பிடித்துப் போட்டிருந்தால், அதையே பார்த்துச் செதுக்கியிருப்பேன், ஒருத்தன் கழுத்தும் வந்திருக்காது என்றார். அவன் எங்கே இருக்கிறானோ, நல்லா இருக்கட்டும் என்றார். முதல் பொம்மையைச் செதுக்கின தீவுக்காரன் யாரோ, எந்தக் காலத்து ஆளோ, அவனுக்கு ஒரு கும்பிடு என்று நடுத்தெருவில் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். மனைவி பயப்படாமல் இருந்திருந்தால் பொம்மைகள் திரும்பியிருக்காது, அவளுடைய பயத்துக்கும் ஒரு கும்பிடு என்றார்.

"எனக்குத் தனியா ஒண்ணும் வேண்டாம், நேரா நடங்க" என்றார் மனைவி.

"யோவ், நன்றின்னா உனக்குத்தான்யா முதல்ல சொல்லணும்" என்று சலூன்காரர் கடிகாரக்காரர் பக்கம் திரும்பினார். "அந்தத் தாளைக் கொண்டாந்து போட்டது நீ. அரத்தைத் தேய்ச்சு உளி பண்ணிக் குடுத்தது நீ."

"அப்ப என் கழுத்தை நானே காப்பாத்திக்கிட்டேன்னு சொல்லு."

"அப்படியும் வச்சுக்கலாம்."

"உனக்கு டீ மட்டும் வாங்கித் தரேன். அதுக்கு மேல எதிர்பாக்காத."

டீக்கடைக்குள் நுழையும்போது அவருடைய நீளமான கை சலூன்காரரின் தோளில் கிடந்தது. அதை அவர் எடுக்கவேயில்லை.

சலூன்காரர் இப்போது பெரிய கைக்கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். பழைய முதலாளியின் வார்த்தையை அவர் மீறவில்லை, கொஞ்சம் வளைத்துக்கொண்டார். ஊருக்குச் சொல்வதில்லை, ஆளுக்குக் காட்டுகிறார். பெஞ்சு காலியாகும்வரை சீப்பால் சும்மா சீவிக்கொண்டே இருந்துவிட்டு, கண்ணாடியைப் பின்னால் பிடித்து, "இந்த இடத்தை ஒரு தடவை பாத்துக்குங்க, டாக்டர்கிட்ட காட்டினா நல்லது" என்று மெதுவாகச் சொல்வார். இதுவரை ஆறு பேருக்குக் காட்டியிருக்கிறார். ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. தபால்காரருக்குச் சின்னதாக ஒன்றை எடுத்தார்கள். யாரும் துணியோடு எழுந்து போகவில்லை.

கடிகாரக்காரரின் கழுத்தில் கட்டு அவிழ்ந்து, தழும்பு ஆறி, முடியும் வளர்ந்த பிறகு ஒரு மதியம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் துணியைக் கட்டினார். தழும்பின் ஓரத்தில் கத்தி மெல்ல வளைந்து போனது. முடித்ததும் கண்ணாடியைப் பிடித்தார். பதினைந்து வருஷத்தில் முதல்முறையாகக் கடிகாரக்காரர் தன் பின்கழுத்தைப் பார்த்தார். லென்ஸ் போடாமல், நிதானமாக.

"இவ்வளவு கோணலாவா என் காது இருக்கு?"

"அதைச் செதுக்கறதுக்குத்தான் எனக்கு மூணு நாள் ஆகுது."

"மூணாவது பொம்மை ஒண்ணு பண்ணு. தழும்போட பண்ணு. அளவு தப்பக்கூடாது."

"தப்பாது."

அவர் எழுந்து துணியை உதறினார். வெளியே போகவில்லை. நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"இப்ப நீ உக்காரு."

"எதுக்கு?"

"ஊர்ல எல்லாருக்கும் பின்னாடி நீ பாக்கற. உனக்கு யாரு பாக்கறா?"

சலூன்காரர் முழித்தார். அதை அவர் யோசித்ததே இல்லை. முப்பது வருஷமாக அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் முதல்முறையாக அதில் உட்கார்ந்தார். கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கை தேடியது. கடிகாரக்காரர் லென்ஸைக் கண்ணுக்குள் திருகிக்கொண்டு குனிந்தார். மூச்சு காதில் பட்டுக் கூசியது.

"அசையாத."

"கூசுதுய்யா."

"அசையாதன்னு சொன்னேன்." இடது காது, பிடரி, வலது காது என்று ஒரு சுற்று முடித்தார். "ஒரு மரு இருக்கு. மச்சம் ரெண்டு, ரெண்டும் உருண்டையா ஒழுங்கா இருக்கு. காதுக்குப் பின்னாடி அழுக்கு, ஒரு மாசத்துது இருக்கும்."

"அதை யாருக்கும் சொல்லிடாத."

"சொல்லமாட்டேன்" என்று கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றினார். "அடுத்த மாசம் இதே தேதியில வந்து பாப்பேன். கழுவி வை."